ஸோலெதாத்: ஏகாந்தமா, தனிமையா?

கார்சியா மார்க்கேஸின் 1967 நாவலை நான் முதலில் படித்தது ஆங்கிலத்தில்தான். 1970-ல் வந்த கிரகரி ரபாஸாவின் மொழிபெயர்ப்பு. தலைப்பில் 'சாலிட்யூட்' என்று இருந்ததால், இது ஏகாந்தத்தைப் பற்றிய நாவல் என்று பல வருஷம் நண்பர்களிடம் பேசிக்கொண்டு திரிந்தேன். தப்பு. ஸ்பானிய அகராதியைத் திறந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மூலத்தில் இருக்கும் சொல் 'ஸோலெதாத்'. துணை இல்லாத நிலை, விரும்பி வந்ததோ விதியால் வந்ததோ, அது ஒரு பொருள். ஆளில்லாத இடம் இன்னொன்று. இறந்தவரை, பிரிந்தவரை நினைத்து வரும் துயரம் மூன்றாவது. (பெண்களுக்குப் பெயராகவும் வைக்கிறார்கள், மாதாவின் பெயர் என்பதால். நம்மூரில் ஒரு பெண்ணுக்குத் தனிமை என்று பெயர் வைப்போமா?)

இப்போது நாவலுக்குள் போவோம். மெல்கியாதெஸ் செத்தும் திரும்பி வருகிறான். சாவில் இருந்த ஸோலெதாத்தைத் தாங்க முடியவில்லையாம். இது ஏகாந்தமே இல்லை, ஆள் தேடும் தவிப்பு. கர்னல் அவுரேலியானோ கதை நேர் எதிர். நல்ல முதுமை என்பது ஸோலெதாத்தோடு நேர்மையாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்ற முடிவுக்கு வந்து, பட்டறையில் உட்கார்ந்து தங்க மீன்களைச் செய்கிறார், உருக்குகிறார், மறுபடி செய்கிறார். அதே சொல்தான். ஆனால் அதே கர்னலைச் சுற்றி முன்பு சாக்பீஸ் வட்டம் போட்டு, பெற்ற தாயைக்கூட உள்ளே விடாமல் நிறுத்தினார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இடம் என்ற பொருளுக்கும் ஒரு காட்சி உண்டு: காட்டுக்கு நடுவே, கடலை விட்டு விலகி நிற்கும் பழைய கப்பல். அதைச் சூழ்ந்த வெளியையே ஸோலெதாத்தும் மறதியும் நிரம்பியதாகச் சொல்கிறார் மார்க்கேஸ்.

ரபாஸா இதையெல்லாம் தெரியாமல் செய்யவில்லை. 2005-ல் வந்த நினைவுநூலில், 'சாலிட்யூட்' கொஞ்சம் அகலமான சொல், தவிப்பின் விதையும் அதற்குள் இருக்கிறது என்கிற மாதிரி காரணம் சொல்கிறார். கர்னலுக்கு அது சரி. மெல்கியாதெஸ் விஷயத்தில் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்த இடத்தில் ஆங்கிலம் சற்று கௌரவமாகிவிடுகிறது.

தமிழில் சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று வைத்தார்கள். தனிமை என்றால் கர்னலுக்கும் பொருந்தும், மெல்கியாதெஸுக்கும் பொருந்தும். இந்த ஒரு இடத்தில் ஆங்கிலத்தை விடத் தமிழ் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பேன். விட்டுப்போவது நிலமும் பிரிவும். அவை இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நம்மிடம் ஒரு சொல் உண்டு: பாலை. ஆனால் 'பாலையின் நூறு ஆண்டுகள்' என்று அட்டையில் போட்டால் ஒட்டகக் கதை என்றுதான் வாங்குவார்கள்.