ஒன்பது விழுந்த பிறகு பாருங்கள்

மாலில் பவுலிங் ஆடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். பத்தும் விழுந்தால் கூச்சல், செல்ஃபி. ஒன்றிரண்டு பின் நின்றுவிட்டால், இரண்டாவது பந்தை ஏனோதானோ என்று உருட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவதே அந்த இரண்டாவது பந்துக்குத்தான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம். முதல் பந்திலேயே பத்தும் சாய்ந்தால் ஸ்ட்ரைக்: பத்தோடு அடுத்த இரண்டு பந்துகளில் விழுவதும் சேரும். இரண்டாவது பந்தில் மிச்சத்தை முடித்தால் ஸ்பேர்: பத்தோடு அடுத்த ஒரு பந்து. இரண்டு பெண்கள் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி ஸ்ட்ரைக்கில் தொடங்கி, அடுத்த ஃபிரேமில் ஒன்பதோடு நின்று, இப்படியே மாறி மாறிப் போகிறாள். ஐந்து ஸ்ட்ரைக், மொத்தம் 140. இன்னொருத்திக்கு ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லை. ஒவ்வொரு முறையும் ஒன்பது, பிறகு மிஞ்சிய அந்த ஒற்றைப் பின். பத்தாவது ஸ்பேருக்காகக் கிடைக்கும் கடைசி போனஸ் பந்திலும் ஒன்பதுதான். அவளுக்கு 190! கைதட்டல் வாங்கியவள் ஐம்பது புள்ளி பின்னால் நிற்கிறாள்.

முதல் பந்தைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே பார்ப்பது என்பதுதான் விஷயம். பந்தை உருட்டும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் ஏறக்குறைய முதல் 40 அடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. பந்து எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய், காய்ந்த பலகையைத் தொட்டதும் பிடிப்புக் கிடைத்து உள்ளே வளையும். வலக்கைக்காரர் குறிவைப்பது முதல் பின்னின் நடு நெற்றியை அல்ல. அதற்கும் வலப்பக்கத்து மூன்றாம் பின்னுக்கும் இடையிலுள்ள சந்தை. சுத்தமான ஸ்ட்ரைக்கில் பந்து நேராகத் தொடுவது 1, 3, 5, 9 என்ற நான்கு பின்களை மட்டுமே. மற்ற ஆறும் பின் மோதிப் பின் விழுபவை.

ஆட ஆட எண்ணெய் கரையும். அரைமணி முன்பு சந்தில் சரியாக நுழைந்த அதே பந்து இப்போது முன்கூட்டியே வளைந்து இடப்பக்கம் போய்விடும். நல்ல ஆட்டக்காரர் முகத்தைச் சுளிக்க மாட்டார். லேனின் அகலம் 39 பலகை. அதில் இரண்டு பலகை தள்ளி நிற்பார், அவ்வளவுதான். அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியும்.

இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளுக்கான விளையாட்டாக வளர்த்தவர்களில் அமெரிக்கர்களைச் சொல்ல வேண்டும். அங்கே பல மாநிலங்களில் இது பள்ளி விளையாட்டு. 2004 முதல் கல்லூரிப் பெண்களுக்கு தேசிய சாம்பியன்ஷிப்பும் உண்டு. அங்கே பிரபலமான பேக்கர் முறையைக் கட்டாயம் பாருங்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரே ஓர் ஆட்டம் ஆடுவார்கள். முதலாமவருக்கு 1, 6 ஃபிரேம்கள். இரண்டாமவருக்கு 2, 7. இப்படியே போய் ஐந்தாமவருக்கு 5, 10. தோழி போட்ட ஸ்ட்ரைக்குக்கு எவ்வளவு சேரும் என்பது அடுத்து ஆடும் உங்கள் கையில். நீங்கள் விட்ட ஒற்றைப் பின் அவள் கணக்கைத் தின்றுவிடும். பந்து எப்படிப் போனாலும், திரும்பி வருகிறவர் கையில் நால்வரும் தட்டிக்கொடுப்பார்கள். தவறவிட்ட பிள்ளைக்கு அந்தத் தட்டு எப்படி விழுகிறது என்று பாருங்கள். அணி எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும்.

2021இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் 18 வயது ஆண்டனி நியூயர், இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு பின் மட்டும் நின்ற 7-10 ஸ்பிளிட்டை எடுத்தார். ஒளிபரப்பான தொழில்முறைப் போட்டிகளில் அது நடந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். பேசப்படுவது என்னவோ அந்த இரண்டாவது பந்துதான்.

ஊர் லீக் என்றால் ஹேண்டிகேப் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் 220இலிருந்து உங்கள் சராசரியைக் கழித்து, அதில் 90 சதவீதத்தைக் கூட்டித் தருவார்கள். சராசரி 120 உள்ள பாட்டிக்கு 90 புள்ளி. 190 உள்ள பேரனுக்கு 27. இது சலுகை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தன் வழக்கமான ஆட்டத்தைத் தாண்டுகிறாரா என்பதே அங்கே போட்டி. பாட்டி 125 எடுத்து, பேரன் 185 எடுத்தால் ஜெயிப்பது பாட்டி, 215க்கு 212. பத்தாவது ஃபிரேமில் பாட்டி ஒற்றைப் பின்னுக்குக் குறிவைக்கும்போது பேரன் ஏன் நகம் கடிக்கிறான் என்பது, இந்தக் கணக்குத் தெரியாமல் ஸ்கோர் திரையை மட்டும் பார்க்கிறவருக்கு விளங்கவே விளங்காது.