புத்தகத்துக்கும் நாற்காலிக்கும் நடுவில்

பள்ளி நூலகத்தை மாற்றியமைக்கிறோம் என்றாலே கலர் நாற்காலி, பீன் பேக், நாலு கம்ப்யூட்டர் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். இதெல்லாம் சாமான்தான், வடிவமைப்பு இல்லை. அமெரிக்காவின் இரண்டு உறைவிடப் பள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

ஒன்று, நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள பிலிப்ஸ் எக்ஸெட்டர் அகாடமி. அதன் நூலகத்தை வடிவமைத்தவர் லூயி கான். 1971-ல் கட்டி முடித்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள். நடுவில் கூரை வரை உயர்ந்த கூடம், அதைச் சுற்றிப் புத்தக அடுக்குகள், வெளிச்சுற்றில் ஜன்னலோரமாக 210 படிப்பு மேசைகள். கூடத்துச் சுவர்களில் பெரிய பெரிய வட்டத் திறப்புகள். அதனால் கீழே நிற்கும்போதே மேல்தளத்துப் புத்தகங்கள் கண்ணில் படும். ஒன்றை எடுத்துக்கொண்டு சில அடி நடந்தால் வெளிச்சம், மேசை. உட்கார்ந்தால் கண் மட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல், மூடிக்கொள்ள மரத் தடுப்பு. வேடிக்கை பார்ப்பதா, படிப்பதா? அது மாணவர் இஷ்டம்.

இன்னொன்று, மாசசூசெட்ஸில் உள்ள குஷிங் அகாடமி. சுமார் 20,000 புத்தகங்கள் இருந்த நூலகம். 2009-ல் அவற்றில் பெரும்பகுதியை அப்புறப்படுத்திவிட்டு திரைகள், மின்வாசிப்பான்கள், காபி பார் என்று மாற்றினார்கள். இணையம் வழியாக அதைவிடப் பல மடங்கு நூல்கள் கிடைக்குமே என்ற வாதம் தப்பில்லை. ஆனால் மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், தேடல் பெட்டி கேட்டதைத்தான் தேடும். என்ன கேட்கணும்னே தெரியாத பதிமூணு வயசுப் பிள்ளைக்கு அது வெறும் கட்டம். டியூயி வகைப்பாட்டில் வௌவாலுக்கு 599.4, திமிங்கலத்துக்கு 599.5. அலமாரியில் வௌவாலைத் தேடப் போன பிள்ளை, கேட்காமலே திமிங்கலத்தையும் பார்த்துவிட்டு வரும்.

எக்ஸெட்டரிலும் குறை உண்டு. அந்த மேசைகள் தனியாகப் படிப்பவருக்கானவை. நாலு பேர் கூடி விவாதித்துப் படிக்க உதவாது. அந்த விஷயத்தில் குஷிங்கின் காபி மேசையே தேவலை.

ஆகவே, நாற்காலி வாங்கும் முன் இரண்டை எண்ணிப் பாருங்கள். வாசலில் நின்றால் எத்தனை புத்தக முதுகுகள் தெரிகின்றன? அங்கிருந்து வெளிச்சமான இருக்கைக்கு எத்தனை எட்டு? கான் போட்டது இந்தக் கணக்கைத்தான். இதற்குச் செங்கல் மாளிகை தேவையில்லை. பழைய பெஞ்சை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அலமாரிப் பூட்டைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.