சத்தமாக யோசி: தொழில்நுட்ப நேர்முகம் என்னும் சடங்கு

வேலைக்கான நேர்முகத் தேர்வையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றால் நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். கவிதை, நாவல் எல்லாம் வாசித்து முடித்தாயிற்றாக்கும், இனி இதுதான் பாக்கியா என்பார்கள். ஆனால் பொறியியல் முடித்துவிட்டு மென்பொருள் கம்பெனிகளின் முதல்படி வேலைக்குக் காத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இரவு பகலாக உருப்போட்டு, உடம்பில் ஏற்றிக்கொள்கிற பிரதி இன்று இதுதான். இலக்கியம் இவ்வளவு தீவிரமான வாசகர்களைக் கனவிலும் கண்டதில்லை.

சடங்கின் வரிசை அநேகமாக எல்லா இடத்திலும் ஒன்றுதான். முதலில் ஆப்டிட்யூட் டெஸ்ட்: ரயில் பாலத்தைக் கடக்கும், தொட்டியில் குழாய் நிரம்பும். அடுத்து கணினியில் கோடிங் டெஸ்ட். கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், கண் திரையை விட்டு விலகினால் எச்சரிக்கும். பிறகு ஆள் முன்னால் உட்கார்ந்து டெக்னிகல் ரவுண்டு, கடைசியில் எச்.ஆர். டெக்னிகல் ரவுண்டின் கேள்விகள் ஊரறிந்தவை. ஒரு சொல்லைத் திருப்பிப் போடு. லிங்க்டு லிஸ்டில் சுழல் இருக்கிறதா, கண்டுபிடி. இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்கும் ஊழியரைத் தேடியெடுக்க எஸ்க்யூஎல் எழுது. (முதல் மாதச் சம்பளத்தையே இன்னும் பார்க்காதவனிடம் கேட்கப்படுவது இது.) இன்ஹெரிட்டன்ஸ் என்றால் என்ன, உதாரணத்தோடு சொல். உதாரணம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது: பெற்றோர் வகுப்பில் உள்ளதெல்லாம் பிள்ளை வகுப்புக்குத் தானாக வந்து சேரும், திரும்ப எழுத வேண்டியதில்லை. அந்த அறைக்குள் நடப்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது.

இந்தச் சடங்குக்கு ஒரு வம்சாவளி உண்டு. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லி 1950களில் கலிஃபோர்னியாவில் தன் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் எடுத்தபோது விடுகதைக் கணக்குகளைப் போட்டு, அறிவின் வேகத்தை அளந்துபார்த்தார். அதே ஷாக்லிதான் பின்னாளில் கறுப்பினத்தவர் பிறப்பிலேயே அறிவுக் குறைவானவர்கள் என்று பகிரங்கமாகப் பிரச்சாரம் செய்தார். இரண்டையும் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அறிவு என்பது ஆளுக்குள் உறைந்து கிடக்கும் ஒரு பொருள், சரியான கேள்வியால் தட்டினால் ஓசை கேட்கும் என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடித்தளம். மைக்ரோசாஃப்ட் இந்த விடுகதை மரபைப் பிரபலமாக்கியது. கூகுளில் ஆளெடுப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ போக், இவ்வகை விடுகதைகளால் எதையும் கணிக்க முடியவில்லை, எல்லாம் நேர விரயம் என்று 2013இல் ஒப்புக்கொண்டார். விடுகதை போனது; பலகையில் நிரல் எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. அதற்கான கையேடுகளும் வந்துவிட்டன. கேல் லாக்மன் மக்டவல் 2008இல் வெளியிட்ட புத்தகத்தின் ஆறாம் பதிப்பில் (2015) 189 கேள்விகள், விடைகளோடு. தேர்வாளனுக்கும் இது தெரியும், எழுதுகிறவனுக்கும் தெரியும். அப்படியும் ‘இப்போதுதான் யோசிக்கிறேன்’ என்ற பாவனையை இருவரும் காப்பாற்றியாக வேண்டும். நாடகம் என்று நான் சொல்வது வசைக்காக அல்ல.

தேர்வு என்பது கண்காணிப்பும் தரப்படுத்தலும் ஒன்றாகக் கலக்கும் இடம் என்று பூக்கோ தண்டனை பற்றிய 1975ஆம் ஆண்டு நூலில் எழுதினார். பார்க்கிறவன் மறைந்திருப்பான், பார்க்கப்படுகிறவன் வெளிச்சத்தில் நிற்பான். மென்பொருள் நேர்முகம் அதையும் தாண்டிப் போகிறது. விடை மட்டும் போதாது, ‘சத்தமாக யோசி’ என்கிறது. மனசுக்குள் நடப்பதை, நடக்கும்போதே, ஆங்கிலத்தில், தடங்கலில்லாமல் வெளியே கொட்ட வேண்டும். பாவமன்னிப்புக் கூண்டில்கூட முடிந்துபோனதைத்தான் சொல்லச் சொல்வார்கள்.

இது எதை அளக்கிறது? அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. 48 கணினி அறிவியல் மாணவர்கள். பாதிப் பேர் வழக்கம்போல் ஒருவர் பார்த்திருக்கப் பலகையில் எழுதி, பேசி விளக்கினார்கள். மீதிப் பேர் தனியறையில், பார்ப்பார் யாருமின்றி, பேசவேண்டிய கட்டாயமுமின்றி எழுதினார்கள். பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. பார்வைக்கு முன் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனியறைப் பெண்கள் எல்லோரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியது, அதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக் கூடாது, சரி. ஆனாலும் அளவுகோல் கோணலாக இருக்கிறது என்று சொல்ல இது போதும்.

நாங்கள் சிலர் ஞாயிறுகளில் ஒரு சின்ன ஊர்ப் படிப்பகத்தில் கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகம் நடத்துகிறோம். லிங்க்டு லிஸ்ட் சுழல் கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்டோம். தாளில் சரியாக எழுதிவிட்டாள். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்றதும் வாய் கட்டிக்கொண்டது. தமிழ்லயே சொல்லும்மா என்றேன். “அண்ணா, ரெண்டு மாடு ஒண்ணா கெளம்புது. ஒண்ணு ஒரு எட்டு வச்சா இன்னொண்ணு ரெண்டு எட்டு வைக்குது. நேர் ரோடுன்னா வேகமா போறது ரோட்டு முடிவுக்குப் போயி நின்னுரும். செக்கு மாதிரி சுத்துற வழின்னா, அது மெதுவா போறதைப் பின்னாலேருந்து வந்து புடிச்சிரும்ல?” ராபர்ட் ஃபிளாய்ட் பெயரால் வழங்கும் அந்த வழிமுறையை இவ்வளவு தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அடுத்த மாதம் ஒரு கம்பெனி அவளை நிராகரித்தது. காரணம்: கம்யூனிகேஷன் போதாது.

‘கம்யூனிகேஷன்’ என்ற சொல்லைக் கட்டுடைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் ‘தகுதி’ எப்படி உற்பத்தியாகிறது என்று ஆராய்ந்த கரோல் உபாத்யா, ஆளெடுப்பு முறைகளும் பேச்சுப் பாங்கு பற்றிய எதிர்பார்ப்புகளும் நகர்ப்புற, நடுத்தர வர்க்க, மேல்சாதிப் பின்னணிக்கே சாதகமாக இருப்பதை 2007லேயே எழுதிவிட்டார். அதே 2007இல்தான் தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு 1994இலேயே சட்டப் பாதுகாப்பு வாங்கியிருந்தோம். பெரிய வெற்றிகள்தான், குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளே போகும் வாசலில் நாம் ஒழித்த நுழைவுத் தேர்வு வெளியே வரும் வாசலில் தனியார் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இடஒதுக்கீடும் கிடையாது, விடைத்தாளும் கிடையாது, மறுகூட்டலும் கிடையாது.

இதைப் பேசினால் இரண்டு பக்கமிருந்தும் அடி விழுகிறது. தோழர் ஒருவர், கார்ப்பரேட்டுக்குக் கூலிகளைத் தயார்செய்து கொடுக்கிறீர்களே என்றார். அரசு வேலையில் இருந்து ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்வது சுலபம். கல்விக் கடன் கட்டவேண்டியவளிடம் போய்ச் சொல்லிப்பார்க்கட்டும். இன்னொரு பக்கம் பயிற்சி மையக்காரர்கள்: தினம் பத்து கணக்கு போடு, யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். யாருக்கு அந்த நேரம்? கல்லூரிப் பேருந்தில் போகவரத் தினம் மூணு மணி நேரம், முகூர்த்த நாள்களில் கேட்டரிங்கில் பரிமாறப் போகிறவன் எந்தப் பத்தைப் போடுவான்? தயாரிப்பு என்பது கூலியில்லா உழைப்பு. அதைத் தாங்கும் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைதான் ‘திறமைசாலி’யாக வெளியே வருகிறான்.

எனவே நாங்கள் இந்தச் சடங்கைச் சடங்காகவே சொல்லிக்கொடுக்கிறோம். முதலில் தாளில், பேசாமல், அரை மணி நேரம். பிறகு தமிழில் விளக்கம். கடைசியில்தான் ஆங்கிலம், அதுவும் நாடக வசனம் மாதிரி இருபது முப்பது வாக்கியங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரைத் திருப்பிக் கேட்கப் பழக்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. உள்ளீடு காலியாக இருக்கலாமா, எண்கள் எவ்வளவு பெரிதாகப் போகும், திரும்பத் திரும்ப வருமா? எல்லாக் கையேடுகளும் இப்படிக் கேட்கச் சொல்கின்றன, மிகச் சாதாரணமாக. ஒன்றாம் வகுப்பிலிருந்து கேள்வி கேட்டதற்காகவே தலையில் குட்டு வாங்கிய பிள்ளைக்கு அது சாதாரணமில்லை. முதல் முறை கேட்கும்போது குரல் நடுங்குவதை நான் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன். நடுங்கினாலும் கேட்கிறார்கள். கேட்ட பிறகு எழுத்தும் கொஞ்சம் நிதானமாகிறது.

படிப்பகத்துக்கு வெளியே செய்யவேண்டியதும் இருக்கிறது. கல்லூரி வளாகத்துக்குள் வந்து ஆள் எடுக்கிறார்கள் என்றால், வளாகம் நிபந்தனை போடலாம். பேசுவதற்கு முன் தனியாக எழுத நேரம் கொடு. விளக்கத்தைத் தமிழில் சொல்ல அனுமதி. நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடு. இந்த மூன்றையும் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரியிடம் வைத்தோம். “அதெல்லாம் கம்பெனி பாலிசி சார், நாம தலையிட முடியாது” என்றார். எந்தப் பாலிசி, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் பதினோரு பேர் மாணவர்கள்.