திரும்பி வருவதற்கு என்ன சாட்சி?

மணிமங்கலத்தில் வயலின் கற்ற ஒரு பெண்ணுக்கு அமெரிக்க இசைக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஒரகடம் கார் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பது வாடகை வீடு. சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போகும் முன்பே அவள் பல சோதனைகளைக் கடந்தாயிற்று. வாசிப்பைக் கேட்டுத்தான் கல்லூரி தேர்ந்தெடுத்தது. உதவித்தொகையும் குடும்பப் பணமும் செலவுக்குப் போதும் என்று பார்த்த பிறகே ஐ-20 படிவம் வந்தது. 350 டாலர் கட்டியதும் ‘செவிஸ்’ கண்காணிப்புக் கட்டணமும் தீர்ந்தது.

மிச்சம் ஒரே கேள்விதான்: திரும்பி வருவாளா? 1952-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட நினைக்கிறார் என்று முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது மாணவியின் பொறுப்பு. காட்ட முடியாவிட்டால் மறுப்பு, மேல்முறையீடு கிடையாது. 185 டாலர் விசா கட்டணமும் போனது போனதுதான்.

இந்தப் பிரிவுக்கும் ஒரு நியாயம் உண்டு. மாணவர் விசாவில் போய் வகுப்பை எட்டிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்; யாரை அனுமதிப்பது என்று முடிவெடுக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் அதைப் பிடிக்கத்தானே செவிஸ் இருக்கிறது? படிப்பைக் கைவிட்டவர் பெயரைக் கல்லூரி அதில் தெரிவித்தே ஆக வேண்டும். தவறு நடந்தால் பிடிக்க வழி இருக்கும்போது, நடக்கும் முன்பே ஊகித்துத் தண்டிப்பது முறையல்ல.

அந்த ஊகத்தை மறுக்க ஆதாரமாகக் குடும்பங்கள் கொண்டுபோவது எதை? பட்டா, வைப்புத்தொகை ரசீது, ஆடிட்டர் எழுதித் தரும் சொத்து மதிப்புச் சான்று. நிலம் உள்ள வீட்டுப் பெண்ணிடம் காட்ட ஏதாவது இருக்கும். வாடகை வீட்டுப் பெண்ணிடம் வயலின் மட்டுமே இருக்கும். போதாததற்கு, வேலைக்கான எச்-1பி, எல்-1 விசாக்களுக்கு 214(பி)-யின் இந்த முன்முடிவு பொருந்தாது. அதே ஒரகடத்திலிருந்து நிறுவனம் எல்-1 விசாவில் அனுப்பும் பொறியாளரிடம் எதிர்பார்க்காத சாட்சியை மாணவியிடம் எதிர்பார்ப்பது என்ன நீதி?

திரும்பியவரால் மட்டுமே பயன் என்பதும் உண்மையல்ல. பாடகர் எஸ். ராமநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து 1974-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஊர் திரும்பி, 1985-இல் சங்கீத கலாநிதி ஆனார். புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதன் 1958-இல் ஃபுல்பிரைட் உதவியோடு கலிஃபோர்னியா போனார். திரும்பி வந்து சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். மறுபடி அமெரிக்கா போய், 2002-இல் மறையும்வரை வெஸ்லியனில் கற்பித்தார். 1988-இல் அவருக்கும் அதே விருது கிடைத்தது. 1958-இல் எந்த அதிகாரியால் இதைக் கணித்திருக்க முடியும்?

ஒப்பிட்டுப் பார்த்தால், ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கிறது. தொழிலாளி குடும்பத்துக்கு மலைப்பான தொகை. ஆனாலும் அளவு எழுத்தில் இருக்கிறது. உதவித்தொகையாலும் அதை ஈடுகட்டலாம். மனத்துக்குள் இருக்கும் எண்ணத்துக்கு அப்படி அளவுகோல் ஏதுமில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: பணச் சோதனை இருக்கட்டும், வருகைக் கண்காணிப்பும் இருக்கட்டும், கல்லூரி தேர்ந்தெடுத்த மாணவரிடம் திரும்பும் எண்ணத்துக்குச் சாட்சி கேட்பதை நீக்க வேண்டும். 2021-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்கு வந்த குடியுரிமை மசோதா இதையே முன்மொழிந்தது, நிறைவேறவில்லை. அப்படி ஒரு சட்டம் வரும் நாள்வரை, மறுப்புக் கடிதத்தோடு வீடு திரும்பும் பிள்ளையின் இசையை அந்தக் கடிதத்தை வைத்து நாம் எடைபோடக் கூடாது. அந்த நேர்காணலில் அவள் வாசிப்பை யாரும் கேட்கவே இல்லை.