சட்டம் படைத்த பாத்திரம்

கதை எழுதுகிறவர்கள் மீது விமர்சகர்கள் சாட்டும் குற்றங்களில் தலையானது, 'பாத்திரத்துக்கு உயிர் இல்லை' என்பது. ஆனால் உயிரே இல்லாத ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு, நம் எல்லோரையும்விட வெற்றிகரமாகக் கதை நடத்தி வரும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அந்த ஆசிரியர் சட்டம். அந்தப் பாத்திரம் கம்பெனி. இந்தச் சிருஷ்டியைக் கதாசிரியன் ஒருவன் விமர்சனம் செய்தால் என்ன என்று தோன்றிற்று.

கம்பெனி என்பது கட்டடம் அல்ல. அதன் நிர்வாகி அல்ல. பங்கு வாங்கியவர்களின் கூட்டமும் அல்ல. சட்டத்தின் கண்ணுக்கு அது தனி ஆள். 1896-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதைச் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. லண்டனில் ஆரன் சாலமன் என்று ஒரு பூட்ஸ் உற்பத்தியாளர் இருந்தார். 1892-ல் தம் தொழிலை ஒரு கம்பெனியாக மாற்றினார். பங்குகள் மொத்தம் 20,007. அவற்றில் 20,001 அவருடையவை. மீதி ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. கம்பெனி நொடித்தது. அதன் கடனுக்கு சாலமனே பொறுப்பு என்று வழக்கு நடந்தது. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று முடிவாயிற்று. சாலமன் மோசக்காரர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்; கம்பெனியைக் காப்பாற்றத் தம் கையிலிருந்த கடன் பத்திரங்களையே ஈடு வைத்துப் பார்த்தவர் அவர். ஆனால் அவர் பெயரால் கிடைத்த தீர்ப்பு, அவரைப் போல் நல்லவர்களுக்கு மட்டும் பயன்படவில்லை.

இந்தக் கற்பனையே கூடாது என்று வாதிட நான் வரவில்லை. நம் நாட்டில் கோயிலும் தெய்வமும்கூடச் சட்டப்படி ஆட்கள்தாம். 1976-ல் சோழநாட்டுப் பத்தூரில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். கை மாறிக் கடல் கடந்து லண்டன் போய்ச் சேர்ந்தார். அவருக்குச் சொந்தக்காரர் யார் என்று வழக்கு வந்தது. ஒரு தரப்பில் அவரை விலைக்கு வாங்கிய கனடாக் கம்பெனி. மறு தரப்பில் உரிமை கொண்டாடியவர்களில் இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலும் ஒன்று. அந்தக் கோயில் ஓர் ஆளாக நின்று தன் பொருளைக் கேட்கலாம் என்று லண்டன் மேல்நீதிமன்றம் 1991-ல் ஒப்புக்கொண்டது. நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். வாயில்லாத ஒன்றுக்கு வாய் கொடுக்கும்போது இந்தக் கற்பனை தர்மத்தின் பக்கம் நிற்கிறது.

வாயுள்ள மனிதன் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்போதுதான் வம்பு. இதை எந்தச் சட்ட நூலையும்விட நன்றாகப் பிடித்தவர் ஒரு நாவலாசிரியர். ஜான் ஸ்டீன்பெக் 1939-ல் வெளியிட்ட 'கோபத்தின் கனிகள்' நாவலில் ஓர் இடம். குடியானவனின் வீட்டை இடிக்க டிராக்டர் வருகிறது. அவன் துப்பாக்கியோடு நிற்கிறான். ஓட்டி வந்தவன் கூலிக்காரன். அவனைச் சுட்டு என்ன பயன்? அவனுக்கு உத்தரவிட்டவர் பாங்கிக்காரர். பாங்கிக்கு உத்தரவு எங்கோ கிழக்கேயிருந்து வருகிறது. சுடுவதற்கு ஆளே அகப்படவில்லை! ஸ்டீன்பெக் பாங்கியை வில்லனாக்கியிருந்தால் அது சாதாரண நாவலாகியிருக்கும். வில்லன் இல்லாமலே வீடு இடிகிறது என்று காட்டினார் பாருங்கள், அங்கேதான் கலைஞன் தெரிகிறான்.

போபாலில் நடந்தது இதைவிடக் கொடிது, கற்பனையும் அல்ல. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தொழிற்சாலை ஓர் இந்தியக் கம்பெனியுடையது. அதன் பங்குகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவிலிருந்த யூனியன் கார்பைடு வசம். இது வேறு ஆள், அது வேறு ஆள் என்ற சாலமன் காலத்து வாதம் இங்கும் வந்தது. 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. குற்ற வழக்குக்குத் தாய்க் கம்பெனி வரவில்லை. 1992-ல் அது தலைமறைவானதாக அறிவிக்கப்பட்டது. சரீரமே இல்லாத ஒருவர் தலைமறைவாவது எப்படி என்று சிரிக்கத் தோன்றுகிறது. செத்தவர்களை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. 2010-ல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருஷத் தண்டனை. இந்தியக் கம்பெனிக்குச் சுமார் ஐந்து லட்சம் ரூபாய் அபராதம். கதை முடிந்தது.

தண்டனையின்போது இவ்வளவு மெலிந்து போகும் இந்த ஆள், உரிமை என்று வரும்போது எவ்வளவு பெருத்துவிடுகிறார்! அதே 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கம்பெனிகளும் தேர்தல் பிரசாரத்துக்குத் தம் பணத்தை வரம்பின்றிச் செலவிடலாம் என்றது, அதுவும் பேச்சுரிமையாம். நீதிபதிகள் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். கம்பெனிக்கு மனச்சாட்சி ஏது, நம்பிக்கை ஏது என்று கேட்டார், மாறுபட்டவர்களில் ஒருவரான ஸ்டீவன்ஸ்.

நம் உச்ச நீதிமன்றம் 1963-லேயே, கம்பெனி ஓர் ஆள்தான், ஆனால் பிரஜை அல்ல என்று கோடு கிழித்திருக்கிறது. 'அப்படியானால் பத்திரிகைக் கம்பெனியின் கதி என்ன?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1972-ல் பத்திரிகைக் காகிதக் கட்டுப்பாட்டு வழக்கில், பத்திரிகையின் பின்னால் இருக்கும் பங்குதாரர், ஆசிரியர் ஆகியோரின் பேச்சுரிமையைக் கொண்டே அது காப்பாற்றப்பட்டது. எழுதுகிறவன் மனிதன், உரிமையும் அவனுடையதே. அவனைக் காத்தால் போதும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பாத்திரத்துக்கு எவ்வளவு சுதந்திரம் தருகிறோமோ, அவ்வளவுக்கு அவன் செய்ததன் பலனையும் அவன் தலையில் சுமத்த வேண்டும். இல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். சட்டத்துக்கும் இதுவே சரியான அளவுகோல் என்பது என் கட்சி. சொத்து, ஒப்பந்தம், வழக்கு இவையெல்லாம் கம்பெனிக்கு இருக்கட்டும். அவற்றை அதனிடமிருந்து திருப்பி வாங்கவும் முடியும். சிறைக்குப் போகவும் சாகவும் வெட்கப்படவும் தெரிந்த மனிதனுக்கென்று ஏற்பட்ட உரிமைகளை மட்டும் அதற்குக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால், துப்பாக்கியோடு நிற்கும் அந்தக் குடியானவனுக்கு நாம் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: 'உன் வீட்டை இடித்தவர் இருக்கிறார்; ஆனால் ஆள் இல்லை.'