கேரம் காயும் அடுத்த பத்தியும்

டெல்லி ஸ்ரீ அரவிந்தோ மார்க்கிலுள்ள என்.சி.இ.ஆர்.டி. 2006-இல் கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலில், இயற்பியல் பாடங்களைத் தாங்கி நிற்பவை ‘செயல்பாடு’ என்னும் சிறு பெட்டிகள்தான். யஷ்பால் தலைமையில் உருவான 2005 கலைத்திட்ட வரைவின் வழி வந்த நூல் அது; தலைமை ஆலோசகர் ஜே.என்.யு. இயற்பியலாளர் ரூபமஞ்சரி கோஷ். நிலைமத்தைக் காட்டக் கேரம் காய்கள், ஒரு கண்ணாடி டம்ளர், ஓர் ஐந்து ரூபாய் நாணயம் போதும். ஆய்வகம் இல்லாத பள்ளிகூட நியூட்டனின் முதல் விதியை மேசைமேல் பார்த்துவிடலாம். வரையறையை ஒப்பிக்க வைத்துவிட்டுக் கணக்குப் போடச் சொன்ன பழைய வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

அந்தக் கேரம் காய்களையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஏழெட்டுக் காய்களை அடுக்கி, அடிக்காயை ஸ்ட்ரைக்கரால் சுண்டினால் அது மட்டும் தெறித்துப் போகிறது. மற்றவை இருந்த இடத்திலேயே இறங்குகின்றன. அடி பலமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, காரணம் நிலைமம் என்று முடிக்கிறது நூல். சரி, அதே காயை விரலால் மெல்லத் தள்ளுங்கள். அடுக்கு முழுவதும் கூடவே நகரும். காய்களின் நிறை மாறவில்லை. ஆகவே நிலைமமும் மாறவில்லை. பிறகு ஏன் இந்த வேறுபாடு? காய்களுக்கு இடையிலான உராய்வு ஓர் அளவுக்குமேல் இழுக்காது. மெல்லத் தள்ளும்போது மேலடுக்கைக் கூட்டிப்போக அந்த இழுப்பே போதும். சுண்டும்போது போதாது, அடிக்காய் நழுவி வெளியேறும் நொடிப்பொழுதில் மேலுள்ளவை பெறும் வேகமும் சொற்பம். பாடம் சூடுபிடிப்பதே இங்குதான். நூலோ இந்தக் கேள்வி எழும் முன்பே கதவைச் சாத்திவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, விடை அடுத்த பத்தியிலேயே அச்சாகியிருப்பது. காயைத் தொடாமலே பாடத்தைப் படித்து முடித்துவிடலாம்.

1972-இல் மத்தியப் பிரதேசத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் திட்டம் வேறு வழியில் போனது. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் அதில் கைகொடுத்தார்கள். அதன் ‘பால் வைஞானிக்’ நூல்கள் சோதனையையும் கேள்வியையும் தந்தன. விடையை மாணவரே எழுத வேண்டும். ஆனால் அதற்கு ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டியிருந்தது. 2002-இல் மாநில அரசு திட்டத்தையே நிறுத்தியது. நெரிசலான டெல்லி வகுப்பறையில் அந்த முறையை அப்படியே செய் என்று யாரும் சொல்ல முடியாது.

மதிப்பெண்ணும் ஒத்துழைப்பதில்லை. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு 80, செய்முறைக்கு 5. எந்தப் பெற்றோர் கேரம் காய்க்காக வாதாடுவார்?

2022-இல் என்.சி.இ.ஆர்.டி. நடத்திய ‘பாடச்சுமைக் குறைப்பு’ இன்னும் விசித்திரம். பத்தாம் வகுப்பு நூலில், காந்தத்தின் நடுவே தொங்கும் அலுமினியத் தண்டு மின்சாரம் பாய்ந்ததும் நகரும் செயல்பாட்டை விட்டுவைத்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த மின்மோட்டார், மின்காந்தத் தூண்டல், மின்னியற்றி ஆகியவற்றை எடுத்துவிட்டார்கள். தண்டு ஏன் நகர்கிறது என்பதுவரை வந்த பிள்ளைக்கு, பள்ளி வாசலில் நிற்கும் இ-ரிக்‌ஷா எப்படி ஓடுகிறது என்று சொல்லும் பக்கங்கள் இல்லை. எதையாவது குறைத்தே தீர வேண்டுமென்றால், ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் கீழே இருக்கும் அந்த விடைப் பத்திகளை எடுத்து நூலின் கடைசிப் பக்கங்களில் போட்டிருக்கலாம்.