கணக்கும் கழுவாயும்: உத்தரமேரூர் ஆவணங்களில் வாரியத்தார் ஒழுக்க விதிகள்

தமிழகக் கல்வெட்டுகளுள் உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகள் இரண்டும் பெற்றிருக்கும் புகழ் பெரிது. முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் இவற்றைப் பொறித்தனர். வெ. வெங்கையா 1904–05-ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் இவற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் 1932-இல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை பற்றிய ஆய்வில் இவற்றுக்கு முதன்மை இடம் தந்தார். அதன்பின் ‘குடவோலை முறை’ பாடநூல்களுக்கும் மேடைகளுக்கும் உரியதாயிற்று. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய பிரதமரின் உரையிலும் அது இடம்பெற்றது.

இப்புகழே ஆவணத்தைப் படிப்பதற்கு ஓரளவு தடையாகவும் அமைந்துவிட்டது. பெருமை பேசும் வாசிப்பு குடத்தையும் ஓலையையும் அவ்வோலையை எடுத்த சிறுவனையும் மட்டுமே காண்கிறது. குடமும் ஓலையும் சோழர் காலத்துப் புதுமையும் அல்ல. பொறியிட்டுக் கயிற்றால் பிணித்த குடத்திலிருந்து ஆவணமாக்கள் ஓலை எடுக்கும் காட்சியை அகநானூற்றின் 77-ஆம் பாடலில் மருதன் இளநாகனார் உவமையாக்கியுள்ளார். அதுவும் பாலை வழியில் பிணத்தின் குடரைப் பருந்து பிடுங்குவதற்கு உவமை! உத்தரமேரூர்ச் சபையார் புதிதாகச் செய்தது வேறொன்று. யாருடைய பெயரை ஓலையில் எழுதலாகாது என்பதை அவர்கள் வகுத்தனர். 921-ஆம் ஆண்டு ஆவணத்தின் பெரும்பகுதியை இவ்விலக்கே நிரப்புகிறது. இவ்வாவணம் தேர்தல் முறையைச் சொல்வதைக் காட்டிலும் ஒழுக்க நடைமுறையையே மிகுதியாகச் சொல்கிறது என்பதையும், அவ்வொழுக்கத்தின் அச்சு கணக்கே என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரண்டு ஆண்டு இடைவெளி

919-ஆம் ஆண்டு விதி சுருக்கமானது. வாரியத்தாரின் வயது 30-க்கு மேல் 60-க்குள் இருக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்திருத்தல் கூடாது. வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களுக்கு நெருங்கிய உறவினராய் இருத்தல் கூடாது. இரண்டே ஆண்டுகளில் அதே சபை, அதே அரசன் காலத்தில், அதே பொருள் குறித்து மீண்டும் கூடி விதி செய்தது. இதனை ஆய்வாளர் பலரும் குறிப்பிடுவர். எனினும் முதல் விதி ஏன் போதவில்லை என்ற வினாவில் தங்குவோர் குறைவு.

இரண்டு வாசகங்களையும் அருகருகே வைத்தால் விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாறியது சிறிய திருத்தமே. உறவினர் பற்றிய விதியில் நிகழ்ந்த மாற்றமோ அடிப்படையானது. முதல் ஆவணம் ‘நெருங்கிய உறவினர்’ என்னும் பொருளில் பொதுச்சொல் ஒன்றோடு நிற்கிறது. எவர் நெருங்கியவர், எவர் அல்லர் என்று வழக்கிட அதில் இடமுண்டு. இரண்டாம் ஆவணம் அப்பொதுச்சொல்லைக் கைவிட்டு உறவுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது: சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், தாயோடும் தந்தையோடும் உடன்பிறந்தார், தன்னோடு உடன்பிறந்தார், பெண் கொடுத்த மாமன், மனைவியோடு உடன்பிறந்தான், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், மருமகன், தந்தை, மகன்.

இதைவிட நோக்கத்தக்கது, யாருடைய உறவினர் விலக்கப்பட்டனர் என்பது. 919-இல் வாரியம் செய்து முடித்த அனைவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். 921-இல் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும் அவருடைய உறவினருமே விலக்கப்படுகின்றனர். கணக்குக் காட்டியவனின் மருமகனுக்குத் தடையில்லை. காட்டாதவனின் மருமகனுக்குத் தடையுண்டு. உறவு தானாகவே குற்றமாகாது, முடிக்கப்படாத கணக்கே அதைக் குற்றமாக்கும் என்பது சபையின் முடிவு. கணக்கை முடிக்காதவன் தன் தமையனையோ மருமகனையோ அடுத்த வாரியத்தில் அமர்த்திப் பழைய ஓலையை மூடிவிட முயன்றிருக்க வேண்டும். அவ்வாறன்றி இவ்வளவு நீண்ட பட்டியல் எழுந்ததற்குக் காரணம் காண்பது அரிது. குற்றமற்ற உறவினனைத் தண்டிப்பது நீதியாகாது என்ற மறுப்பு எளிதில் எழும்; அது சரியானதுமாகும். ஆயினும் பொதுப்பணம் குடும்ப வழியே கரைவதை இப்பட்டியலை எழுதியவர் அறிந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

பட்டியலில் வரும் பெண்களின் இடமும் கருதத்தக்கது. வாரியத்துக்குப் பெண் பெயர் எழுதும் நினைப்பே ஆவணத்தில் இல்லை. ஆனால் உறவின் வலை பெண்கள் வழியாகவே பின்னப்படுகிறது. தாயின் தங்கை, தந்தையின் தங்கை, மனைவி, உடன்பிறந்தாள், மகள் ஆகியோர் இல்லாமல் இப்பட்டியலின் பாதி எழுதப்பட்டிருக்க இயலாது. அதிகாரம் செல்லும் பாதையாகப் பெண்ணை அறிந்த சபை, அதிகாரத்துக்கு உரியவளாக அவளை அறியவில்லை.

இருமொழி நடை

இவ்வாவணத்தின் நடை இதுவரை பெற்ற கவனம் போதாது. வடசொற்கள் கிரந்த எழுத்தில் இடையிடையே வரும் நடை பிரமதேயக் கல்வெட்டுகளுக்குப் பொதுவானதே. இங்கு அவ்வடசொற்கள் எங்கே குவிகின்றன என்பதே பொருட்படுத்தத்தக்கது. ஐம்பெரும் பாதகங்களுள் முதல் நான்கு, பிறர் பொருள் கவர்தல், முறையற்ற உறவு, கழுவாய் முதலியவற்றைச் சொல்லும் இடங்களில் வாசகம் ஏறத்தாழ முழுமையும் அறநூல்களின் வடமொழியாகிறது. வாரியம் செய்தல், கணக்குக் காட்டாதிருத்தல், உறவு முறைகள் ஆகியவற்றைச் சொல்லுமிடத்து வீட்டுத் தமிழாகிறது. பாவம் பற்றிய சொற்களைச் சபை நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டது; கணக்கையும் உறவையும் தன் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டது. பொருள் தூய்மையைக் குறிக்கும் ‘அர்த்த சௌசம்’ என்ற தொடர் இதற்கு விலக்கு என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இந்நடை வேறுபாடு பொருள் வேறுபாடாகவும் விரிகிறது. விலக்கப்பட்டோர் பட்டியலில் ஓர் உறுப்பை ஆங்கிலப் பெயர்ப்பு ‘தடுக்கப்பட்ட உணவை உண்டோர்’ எனக் கொள்ளும். தமிழ் நூல்களிற் சில அதனையே ‘கையூட்டுப் பெற்றோர்’ என விளக்கும். ஊட்டு என்னும் சொல் இரு பொருளுக்கும் இடந்தருவதால் நேர்ந்த உரைவேறுபாடு இது. சாதித் தூய்மைக்கும் பொதுவாழ்வின் நேர்மைக்கும் இடையே இவ்வாவணம் நிற்கும் நிலையை இவ்வொரு சொல்லே காட்டுகிறது எனலாம். கழுதை ஏறியவனும் பிறர் பொருளைத் திருடியவனும் ஒரே பட்டியலில் வருவதைக் கண்டு, இதனைப் பழைமைச் சாதி ஒழுக்கம் என்று ஒதுக்குவோர் உளர். நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் இல்லாத எவர்க்கும் இடமில்லாத சபை அது என்பதும் உண்மையே. நிலமற்றோரும் பிற குடிகளும் அதன் வாயிலுக்கே வந்திலர். ‘மக்களாட்சி’ என்று பாராட்டுவோர் இதைச் சொல்லாமல் கடந்துவிடுவது ஆய்வு நேர்மையாகாது.

ஒதுக்குவோரும் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். திருட்டு முதலிய சில குற்றங்களைச் செய்து, கழுவாய் செய்து தூயராயினாரும் தம் வாழ்நாள் முடியும்வரை வாரியத்துக்குப் பெயர் எழுதப்பெறார் என்கிறது ஆவணம். கழுவாய் செய்தவன் சமய நோக்கில் தூயவன். பந்தியில் அமரலாம், சடங்கில் பங்கு கொள்ளலாம். ஆனால் ஊர்ப் பொன்னையும் ஏரியையும் அவன் கையில் ஒப்படைக்கச் சபை உடன்படவில்லை. சமயத் தூய்மை வேறு, பொதுநம்பிக்கை வேறு என்ற இப்பிரிவு வேதம் ஓதிய பிராமணர் தாமே தமக்கு விதித்துக்கொண்டது. அறநூல்களின் கழுவாயைவிடத் தம் ஊரின் நினைவை அவர்கள் மேலாகக் கொண்டனர்.

மானூர் ஆவணம் இங்கே ஒப்பு நோக்கத்தக்கது. பாண்டியன் மாறஞ்சடையனின் 35-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, சபையில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் ‘அன்று’ என்று குறுக்கிடுவோர்க்கு 5 காசு தண்டம் விதிக்கிறது. அது கூட்ட ஒழுங்கைப் பற்றியது. கூட்டம் முடிந்த பின்னரும் தொடரும் பொறுப்பு உத்தரமேரூரில்தான் விதியாகிறது.

பெங்களூருவின் வட்டக் குழுக்கள்

உத்தரமேரூர் விதியின் தனித்தன்மையை இன்றைய நகராட்சி விதியொன்றோடு ஒப்பிட்டால் அது மேலும் தெளிவாகும். பெங்களூரு இதற்குப் பொருத்தமான இடம். ஆவணத் தமிழ் அந்நகருக்குப் புதிதன்று. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் போசள மன்னன் இராமநாதன் காலத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொருத்தத்திற்கு மற்றொரு காரணம், ஊதியம் பெறாத குடிமக்களை நகர நிருவாகத்தில் அமர்த்தும் வட்டக் குழு முறை அங்கு நீண்ட வழக்காடலுக்குப்பின் வடிவம் பெற்றமை. 1992-ஆம் ஆண்டின் 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வட்டக் குழுக்களைக் கோரியது. கர்நாடக அரசு 2016-இல் அவற்றுக்கென விதிகள் வகுத்தது. வட்ட உறுப்பினர் தலைவராக, பத்துப் பேர் நியமனம் பெறுவர். அவருள் மகளிர் மூவர், பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவர், குடியிருப்போர் சங்கத்தார் இருவர். சேர்த்துக்கொள்வதில் இவ்விதி உத்தரமேரூரை நெடுந்தொலைவு கடந்து நிற்கிறது. சபையார் வாயிலில் நிறுத்தியோரையே இது பெயர் சொல்லி அழைக்கிறது.

கணக்கு என்னும் இடத்தில் ஒப்பீடு திரும்புகிறது. பெங்களூருவை நெடுங்காலம் ஆண்ட 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மாநகராட்சிகள் சட்டம் மாமன்ற உறுப்பினர் தம் சொத்து விவரத்தை ஆண்டுதோறும் அளிக்கப் பணித்தது. குடும்பத்தார் சொத்தும் அதில் அடங்கும். உறவின் வழியே பொருள் ஒளிந்துகொள்ளும் என்பதை இச்சட்டமும் அறிந்திருந்தது. ஆனால் இது கேட்பது ‘உன்னிடம் என்ன உள்ளது’ என்பதையே. ‘நீ செய்த வாரியத்தின் கணக்கு எங்கே’ என்று உத்தரமேரூர் கேட்டது. இன்று அவ்வினா அலுவலருக்கும் தணிக்கைத் துறைக்கும் உரியதாகிவிட்டது. உறுப்பினரும் தன்னார்வலரும் அதன் விளிம்பிலேயே நிற்கின்றனர். தகுதியிழப்பின் கால அளவும் வேறு. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தல் செலவுக் கணக்கு அளிக்காத வேட்பாளருக்கு மூன்றாண்டுத் தடை. தண்டனை பெற்ற சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருக்கு விடுதலைக்குப்பின் ஆறாண்டுத் தடை. தண்டனைக் காலம் நவீனக் கழுவாயாகிறது. அது முடிந்தால் கதவு திறக்கும்.

பெங்களூரு மாமன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின் ஐந்தாண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. உறுப்பினரே இல்லாத காலத்தில் உறுப்பினர் ஒழுக்க விதிக்கு வேலையில்லை. உத்தரமேரூர் வாரியமோ 360 நாளில் ஒழிய வேண்டும். அடுத்த வாரியம் உடனே அமைய வேண்டும். ஓராண்டுத் தவணையே கணக்குக் கேட்கும் நாளையும் குறித்துவிடுகிறது. ஒழுக்க விதியின் வலிமை பெரிதும் இக்காலக்கெடுவில் தங்கியிருந்தது என்பது எண்ணத்தக்கது.

எழுதியவனும் எழுதப்படாதோரும்

ஆவணத்தின் குறைகளும் சிறியன அல்ல. வாரியம் செய்கின்றவனிடம் குற்றம் கண்டபோதே அவனை நீக்குக என்கிறது. குற்றத்தைக் காண்பவர் யார், அவன் மறுமொழி கூற இடமுண்டா என்பவற்றைச் சொல்லவில்லை. அரசனின் ஆணையும் அவனுடைய அலுவலர் உடனிருந்ததும் வாசகத்தின் தொடக்கத்திலேயே வருகின்றன. எனவே இது முற்றிலும் சபையின் விருப்பமா, மேலிருந்து வந்த திருத்தமா என்ற வினா எஞ்சுகிறது. 919-இல் ஓர் அலுவலரும் 921-இல் வேறோர் அலுவலரும் வந்துள்ளமை, அரண்மனையும் இவ்வூரின் கணக்கில் கண்வைத்திருந்தது என எண்ண இடந்தருகிறது. ஆயினும் விதியைச் செய்தவர் என்ற நிலையில் வாசகம் முழுதும் பேசுவது சபையாரின் ‘நாங்கள்’ என்ற குரலே. இன்றைய சட்டம் எவரையோ படர்க்கையில் நிறுத்தி ஆணையிடுகிறது. உத்தரமேரூரில் விதிப்பவரும் விதிக்குட்படுவோரும் ஒரே தன்மைப் பன்மைக்குள் அடங்குகின்றனர்.

இறுதி வரியில் அக்குரல் ஒருமைக்கு மாறுகிறது. பெருமக்கள் பணிக்க இதனை எழுதியவன் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன் எனத் தன் பெயரை முழுமையாகப் பொறித்துள்ளான். கணக்குக் காட்டாமல் இவ்வாவணத்தையே எழுதவைத்தவர்களுள் ஒருவர் பெயரும் அச்சுவரில் இல்லை.